அண்ணனின் நாடகத்துக்கு அனுமதி கேட்ட கதை

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இதுபோன்ற நினைவு மலர்களில் வழக்கமாக என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். சொந்தத்தில் பலருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்', 'அனைவரிடமும் இன்முகத்தோடு பழகியவர்', 'உற்றார் உறவினர் சூழ அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.' அண்ணனைப் பொறுத்தவரை இந்த மூன்றும் பொய். அவர் நன்றாக அதிர்ந்து பேசுவார். பிடிக்காதவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் போகும்போது சூழ்ந்திருக்க வேண்டியவர்கள் சூழ்ந்திருக்கவில்லை. அவர்களை யார் தடுத்தார்கள் என்பதை எழுத இந்த மலரை விட்டால் வேறு இடம் இல்லை.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கச் சுரங்கப் பகுதியான கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா பாறை குடைந்தவர். நெஞ்சில் தூசி சேர்ந்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அப்போது அண்ணன் பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்தார். மறுவாரம் சுரங்க வேலைக்குப் போனார். நான் பட்டம் பெற்று, கோலாரில் அரசு அலுவலகத்தில் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றதற்கு அந்த ஒரு வாரம்தான் காரணம். இதை நன்றி என்ற பெயரில் இங்கே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். விரிவாகச் சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது.

சில ஆண்டுகளில் அவர் வைண்டிங் டிரைவர் ஆனார். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கக் குழியில் ஆட்களை இறக்கவும் ஏற்றவும் கேஜ் என்று ஓர் இரும்புக் கூண்டு உண்டு. மேலே எஞ்சின் அறையில் உட்கார்ந்து அதை இயக்குபவர் டிரைவர். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. குழிக்குள்ளிருந்து வரும் மணி ஓசைதான் அவருக்குக் கட்டளை. இத்தனை மணி அடித்தால் இறக்கு, இத்தனை என்றால் ஏற்று என்று கணக்கு உண்டு. கூண்டு ஓடும்போது ஒற்றை மணி கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். குழிக்குள் எந்த லெவலில், அதாவது எந்த ஆழத்துத் தளத்தில், இருப்பவர் நிறுத்தினாரோ, அவரே மறுபடி மணி கொடுத்தால்தான் கூண்டை எடுக்கலாம். கூண்டில் ஆள் இருக்கும்வரை டிரைவர் இருக்கையை விட்டு எழக் கூடாது. சுரங்கம் மூடப்பட்ட நாள்வரை அண்ணன் இந்த விதிகளில் ஒன்றைக்கூட மீறியதில்லை. நானும் விதிகளோடு வாழ்ந்தவள்தான். ஆனால் என் விதிகளை மீறினால் கோப்பு தாமதமாகும், அவ்வளவுதான்.

நாடக ஆசை அவருக்கு இளமையிலேயே உண்டு. தொழிலாளர் மன்றத்தில் ஆண்டுதோறும் நாடகம் போடுவார்கள். உயரமாக இருந்ததால் எல்லா நாடகத்திலும் அண்ணனுக்கு போலீஸ்காரர் வேடம். கதாநாயகனைக் கைது செய்து கூட்டிப் போக வேண்டும். வசனம் கிடையாது. "எனக்குன்னு ஒரு நாடகம் போடுவேன் பாரு, அதுல போலீஸே கிடையாது" என்பார். ஷிப்டு, பிள்ளைகள் படிப்பு, பிறகு சுரங்கம் மூடியதும் பிழைப்புக்காக பெங்களூருக்கு ரயிலேறிய ஆண்டுகள் என்று அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அண்ணி காலமான பிறகு அண்ணன் மகன் அவரை ஆண்டர்சன்பேட்டையில் ஓர் இல்லத்தில் சேர்த்தான். முதியோர் இல்லம் என்று சொல்லக் கூடாதாம். பெயர்ப்பலகையில் வேறு மாதிரி, ஆங்கிலத்தில், ஏதோ குடியிருப்பு போல எழுதியிருந்தது. என் வீடு பக்கத்திலேயே ராபர்ட்சன்பேட்டையில் இருக்க, இவர் ஏன் அங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "தங்கச்சி வீட்ல உக்காந்து சாப்ட்டாருன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது" என்றார் அண்ணன். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை.

அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் பழைய சுரங்கத் தொழிலாளர்கள், மீதி அவர்களைப் போன்றவர்களின் விதவைகள். மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். ஆடுவார்கள், கேக் வெட்டுவார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இவர்கள் வரிசையாக உட்கார்ந்து கை தட்ட வேண்டும். கை தட்டுவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும். பின்னால் உதவும்.

ஒருமுறை மேலாளர் அண்ணனின் தோளைத் தட்டி, "தாத்தா, நல்லா கை தட்டுங்க பாப்போம்" என்றார். அவருக்கு நாற்பது வயது இருக்கும்.

"நான் உனக்கு எந்த வழியில தாத்தா? உங்கப்பன் ஊரு எது?" என்று கேட்டார் அண்ணன்.

அன்று மாலையே நாடகம் போடுவது என்று முடிவாயிற்று. மொத்தம் ஒன்பது பேர். கதை அண்ணனுடையது. சுரங்கம் மூடப்படும் நாள், கடைசிக் கூண்டு மேலே வருகிறது. உள்ளே இருப்பவர்கள் இறங்க மாட்டோம் என்கிறார்கள். வெளியே அதிகாரி கெஞ்சுகிறார். ஒவ்வொருவரும் ஏன் இறங்கவில்லை என்று சொல்கிறார்கள். அவ்வளவுதான் கதை. காகிதத்தில் எதுவும் எழுதவில்லை. அவரவர் வசனத்தை அவரவரே பேசிப் பேசிச் செய்துகொண்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார்கள். அதுதான் கூண்டு. பக்கத்தில் ஒரு நாற்காலியில், கைத்தடியை லீவராகப் பிடித்துக்கொண்டு அண்ணன். டிரைவர் வேடத்துக்கும் வசனம் இல்லை. அதை நான் சுட்டிக்காட்டியபோது, "ஆனா எல்லாரும் என்னை நம்பித்தான் நிக்கிறாங்க இல்ல?" என்றார்.

பெருமாள் என்பவருக்குக் காது அறவே கேட்காது. வெடி வைக்கும் வேலை பார்த்தவர். பக்கத்திலிருந்து யார் எடுத்துக் கொடுத்தாலும் வசனம் அவருக்குப் போய்ச் சேராது. மற்றவர்களுக்கு மறதி. அப்போதுதான் அண்ணன் மணியைக் கொண்டுவந்தார். ஒரு இரும்புத் துண்டை பெஞ்சின் காலில் கட்டினார்கள். அடித்தால் அதிர்வு தரைக்கு இறங்கும். பெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார், பாதத்தால் கேட்பார். மணி அடிப்பவர் ரோஸ்மேரியம்மா, சுரங்க மருத்துவமனையில் ஆயாவாக இருந்தவர். அவர் கணவர் குழிக்குள் மணி அடித்தவர். எப்போது நுழைவது, எப்போது நிற்பது, எப்போது உட்காருவது எல்லாம் மணிதான். பேரன் பெயரை மறந்தவர்கள்கூட மணியை மறக்கவில்லை.

"இன்னா பெருமாளு, ஒத்த மணிக்கு நிக்காம போய்கினே கீறியே, கூண்டு உன் மாமியார் ஊடா?" என்று ரோஸ்மேரியம்மா சுத்தியலை ஆட்டிக் கத்துவார். என்ன திட்டு என்பது பெருமாளுக்கு அந்த ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

"நீ அடிச்சது ஒண்ணா ஒண்ணரையா? கைல தெம்பு இல்லன்னா சொல்லு, எம் பொஞ்சாதி அடிப்பா" என்பார் பெருமாள். அவர் மனைவி இறந்து பல காலம் ஆகிறது. எல்லோரும் சிரிப்பார்கள். மனைவி பெயரைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று அந்த இல்லத்தில் வேறு யாரும் அவருக்கு அனுமதி தந்திருக்க மாட்டார்கள்.

நாடகம் ஏறக்குறைய தயாரான நிலையில் ஒரு நாள் முழு ஒத்திகை நடந்தது. நானும் முறுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நடுவில் மேலாளர் இரண்டு நன்கொடையாளர்களை அழைத்துக்கொண்டு வந்தார். அமைதி வேண்டும் என்பதற்காக, சாப்பாட்டுக்கு அடிக்கும் மணியை ஒருமுறை தட்டினார்.

கூண்டு மேலே வந்துகொண்டிருந்த கட்டம் அது. ஒற்றை மணி. அத்தனை பேரும் நின்றார்கள். பெருமாள், மற்றவர்கள் நின்றதைப் பார்த்து, தூக்கிய கையோடு. இன்னொருவர் திறந்த வாயோடு. அண்ணன் கைத்தடியை இழுத்துப் பிடித்தபடி. ரோஸ்மேரியம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். வேறு லெவலிலிருந்து ஒருவர் நிறுத்தினால் அதன்மேல் இவர் மணி கொடுக்கக் கூடாது.

"எல்லாரும் சாருக்கு வணக்கம் சொல்லுங்க" என்றார் மேலாளர். யாரும் அசையவில்லை. "தாத்தா? பாட்டி?" யாரும் கண் சிமிட்டவில்லை. வந்திருந்த அம்மையார் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். மேலாளருக்கு வியர்த்துவிட்டது. ஒருவருக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். ஒன்பது பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அண்ணன்தான் உதட்டை அசைக்காமல் சொன்னார்: "சார், நிறுத்தினது நீங்க. நீங்கதான் எடுக்கணும்."

"எதை எடுக்கணும்?"

"மணி குடுங்க சார். ஆளுங்க நடுவுல தொங்கினு கீறாங்க."

மேலாளர் மணி கொடுக்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டார். அது வந்து சேர்வதற்குள் நான் போய், மேலாளரின் இடத்தில் நின்று, அந்த மணியை முறைப்படி அடித்து அவர்களை மேலே கொண்டுவந்தேன். ஆம்புலன்சில் வந்தவர்கள் முறுக்கு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் நாடகத்துக்குத் தடை. காரணம், 'குடியிருப்போரின் உடல்நலன்'. எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. மீண்டும் கேட்டேன். நிபந்தனைகள் வந்தன. நடிக்கும் ஒவ்வொருவரின் பிள்ளைகளும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட வேண்டும். நாடகத்தின் முடிவை 'அனைவரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்புவதாக' மாற்ற வேண்டும். முடிவை மாற்றச் சொன்னவருக்கு சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரில் யார் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினார்கள் என்று தெரியாது. அதை மன்னிக்கலாம். முதல் நிபந்தனையை மன்னிக்க முடியாது. எண்பது வயது மனிதர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியைப் பிடித்திருக்க, அவர் பெற்ற பிள்ளை கையெழுத்துப் போட வேண்டுமாம். ஓட்டுப் போடப் போகலாம், ஓய்வூதியத்துக்குக் கைநாட்டு வைக்கலாம், சாக்பீஸ் கட்டத்துக்குள் மட்டும் தன் விருப்பத்துக்கு நிற்கக் கூடாது.

இதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது பிள்ளைகள்மேல். சிலர் போட்டார்கள். சிலர், 'அப்பாவுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?' என்றார்கள். ஏதாவது ஆகும் வயதில்தானே அங்கே கொண்டுவந்து விட்டீர்கள்? அவர்களில் இருவர் அண்ணனின் நண்பர்களின் பிள்ளைகள் என்ற முறையில் இந்த மலரைக் கையில் வைத்திருப்பார்கள். பெயர் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

அண்ணன் மகனும் கையெழுத்துப் போடவில்லை. நேரில் வந்தான்.

"அத்தே, நீங்களாவது சொல்லுங்க. இவரு லங்ஸ் கண்டிஷனுக்கு டிராமா தேவையா?"

"டேய், அவரு அதுல பேசவே மாட்டாருடா. உக்காந்துதான் இருப்பாரு."

"அப்போ வீட்ல வந்து உக்காரட்டும். அப்பா, ரெண்டு நாள் பெங்களூர் வாங்க. செக்கப் பண்ணிட்டுக் கொண்டாந்து விட்டுடறேன். டாக்டர் சரின்னு சொன்னா நானே சைன் பண்றேன்."

"கேஜ்ல ஆளு கீது. நான் எழுந்து வரக் கூடாது" என்றார் அண்ணன்.

"அப்பா, அது தரைல போட்ட கோடுப்பா."

அண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் கையெழுத்து கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகக் கிளம்பினார். போகும்போது கூட்டாளிகளிடம், "ரெண்டே நாளு. ரிகர்சல நிறுத்தாதீங்க. திரும்பி வந்ததும் போடறோம்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அவரைத் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை. மருத்துவர் ஏதும் தடை சொல்லவில்லை. மேலாளர்தான் மகனிடம், இனி இவரைப் பொறுப்பேற்க முடியாது என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். மகன் அதை அண்ணனிடம் சொல்லாமல் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளியிருக்கிறான். மகன் வீடு பன்னிரண்டாம் மாடியில். பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆளை நம்பாமல் ஏறி இறங்கும் லிப்டு அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, அதனால் கீழே போகவும் மாட்டார். நான் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "நடக்குதா?" ஒத்திகையைத்தான் கேட்கிறார். நடக்கிறது என்று சொல்வேன். அது உண்மை. மேலாளர் மதியம் வீட்டுக்குப் போகும் நேரத்தில் அவர்கள் கட்டத்தைப் போட்டு, முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

குளிர்காலத்தில் சளி பிடித்து, மூச்சுத்திணறி, மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கேயே முடிந்தது. 'உடல்நலன்' காப்பாற்றப்பட்டது.

இறுதிச் சடங்கன்று காலை நான் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, கூட்டாளிகள் எட்டுப் பேருக்கும் சொல்லி, ஒரு வண்டியில் அனுப்பி வைக்கும்படி கேட்டேன். "கண்டிப்பா மேடம், இப்பவே கிளம்பிடுவாங்க" என்றார். அவர்கள் வருவார்கள் என்று சொல்லி மயானத்தில் எல்லோரையும் காத்திருக்க வைத்தேன். வந்திருந்தவர்களில் பலருக்கு எரிச்சல் வந்தது, நினைவிருக்கும். எட்டுப் பேரும் வரவில்லை.

காரியங்கள் முடிந்து நான் இல்லத்துக்குப் போனபோது மதிய நேரம். கட்டம் போட்டிருந்தார்கள். நாற்காலி காலியாக, அதன் அருகே ஒரு செம்பில் தண்ணீர். ரோஸ்மேரியம்மா என்னைப் பார்த்ததும் சுத்தியலோடு எழுந்து வந்தார்.

"இன்னா மேடம், டிரைவர் எப்ப வராரு? இந்தப் பெருமாளு தெனமும் அவருக்குத் தண்ணி வெக்கறான். நாந்தான் எடுத்துக் குடிக்கிறேன்."

யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நான்தான் சொன்னேன். பெருமாளுக்குக் கேட்கவில்லை. எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னா சொல்லுது அந்தம்மா? இன்னா சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ரோஸ்மேரியம்மா அவர் கையைப் பிடித்து நாற்காலியைக் காட்டினார். காட்டி, கையை விரித்தார்.

நான் வெளியே வரும்போது, வீட்டிலிருந்து திரும்பிய மேலாளர் நிறுத்தினார். "மேடம், இந்த மாதிரி நியூஸ் எங்க வழியாத்தான் சொல்லணும். ஒரு புரொசீஜர் இருக்கு. பெரியவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நாங்க டெத் எதுவும் சொல்றதில்ல."

பணிக்காலம் முழுவதும் நடைமுறை என்ற சொல்லை நான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கும்போது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். அது நடைமுறை அல்ல. நடைமுறை என்றால் எழுதப்பட்டிருக்க வேண்டும், யார் போட்டது என்று தெரிய வேண்டும், மேல்முறையீட்டுக்கு இடம் இருக்க வேண்டும். இது வெறும் சௌகரியம். அழுகிறவரைச் சமாளிக்க ஆள் வேண்டும், அழாதவருக்கு வேண்டாம்.

அந்த வாரமே இல்லத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். மேலாளர், 'மறைந்த கலைஞர்' என்று அண்ணனைப் பற்றிப் பேசினார். ஒத்திகையில் யாரோ எடுத்த படம் இப்போது அவர்களுடைய விளம்பரத் தாளில் இருக்கிறது. கீழே, 'எங்கள் இல்லத்தில் கலைக்கு என்றும் இடமுண்டு.' ஆதாரத்துக்கு ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது.

இந்த ஓராண்டில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். அந்த இல்லத்தின் விதிகளை முழுவதுமாகப் படித்தேன். நடத்துகிறவர்கள் படித்ததாகத் தெரியவில்லை. குடியிருப்பவர் உறவினர் அல்லது நண்பர் வீட்டு நிகழ்ச்சிக்குப் போக, அவரே கையெழுத்திட்டால் போதும் என்று அதில் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. எட்டுப் பேருக்கும் பெயர் போட்டு அழைப்பிதழ் அனுப்பினேன். எட்டுப் பேரும் தாங்களே கையெழுத்திட்டு, இந்த மலர் அச்சுக்குப் போகும் முன்பே, வாசல் வழியாகவே கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மேலாளர் வாசல்வரை வந்து, "யாராவது கீழ விழுந்தா?" என்று கேட்டாராம். "உழுந்தா எழுந்துக்குவோம். நீ மணி மட்டும் அடிக்காத" என்று ரோஸ்மேரியம்மா சொல்லிவிட்டு வந்தாராம்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. ரோஸ்மேரியம்மாவுக்கும், பெருமாள் அவர்களுக்கும், மற்ற ஆறு பேருக்கும் என் குடும்பத்தின் சார்பில் நன்றி. தடை இருந்த காலமெல்லாம் ஒத்திகையை நிறுத்தாதவர்கள் அவர்கள். அண்ணன் இடத்தில் யார் உட்காருவது என்று அவர்களே கூடி, பெருமாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மண்டபம் ஏற்பாடு செய்த அண்ணன் மகனுக்கும் நன்றி. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவனிடம் காட்டினேன். நெடுநேரம் வைத்திருந்தான். "அத்தே, பன்னெண்டாவது மாடி இல்ல, பதினாலு" என்று மட்டும் சொன்னான். திருத்தாமல் விட்டிருக்கிறேன். அவன் சொன்னதைச் சேர்த்திருக்கிறேன்.

நாடகத்தின் முடிவு மாற்றப்படவில்லை. அது என்ன என்று நான் எழுதப் போவதில்லை. மண்டபத்தின் நடுவே தரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. அதை மிதிக்காமல் உட்காரவும். கைபேசிகளை அணைத்துவிடவும். படம் எடுக்க வேண்டாம், கை தட்டவும் வேண்டாம், பார்த்தால் போதும். முக்கால் மணி நேரம் ஆகும். வசனம் மறந்தால் இன்னும் கொஞ்சம் ஆகும். பெங்களூர் ரயிலுக்கு நேரமாகிறது என்பவர்கள் இப்போதே கிளம்பலாம்.

மற்றவர்களுக்கு ஓர் அறிவிப்பு. சமையல்காரரிடம் சொல்லியாகிவிட்டது. நாடகம் கடைசிவரை நடந்து முடிந்த பிறகே இலை போடப்படும்.